வலுவூட்டல் கற்றலில் காலஞ்சார் ஏரணம்

வலுவூட்டல் கற்றலில் காலஞ்சார் ஏரணம் என்பது, பட்டறிவின் வழியாகக் கற்கும் கணினி முகவர் ஒன்று செய்ய வேண்டிய பணியை, எண் வெகுமதிகளால் மட்டும் சுட்டாமல், திட்டவட்டமான பொருள் கொண்ட ஏரண வாய்பாடாக எழுதித் தரும் முறையாகும். "முதலில் இதைச் செய், பின்னர் அதைச் செய், இடையில் எப்போதும் இவ்விடத்தைத் தவிர்" என்பது போன்ற, கால வரிசையைச் சார்ந்த பணிகளை விவரிப்பதற்கு இம்முறை பெரிதும் பயன்படுகிறது. கணினியியலில் நிரல்களின் சரித்தன்மையை மெய்ப்பிக்க உருவான கருவிகளும், செயற்கை அறிவாண்மையின் கற்றல் படிமுறைகளும் இத்துறையில் ஒன்றுசேர்கின்றன. தானுந்துகள், எந்திரன்கள், கிடங்கு வண்டிகள் முதலியவற்றின் கட்டுப்பாட்டில் இதன் பயன்பாடு ஆராயப்பட்டு வருகிறது.

ஏரணம் என்ற சொல்லுக்கு மாற்றாகத் தமிழில் அளவையியல், தருக்கம் ஆகிய சொற்களும் வழக்கில் உள்ளன. இக்கட்டுரையில் ஏரணம் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

பின்புலம்

வலுவூட்டல் கற்றலில், முகவர் எனப்படும் நிரல் ஒரு சூழலுக்குள் இயங்குகிறது. ஒவ்வொரு படியிலும் அது தான் இருக்கும் நிலையை உணர்ந்து, ஒரு செயலைத் தெரிவு செய்கிறது. சூழல் அதனைப் புதியதொரு நிலைக்கு நகர்த்துவதோடு, வெகுமதி எனப்படும் ஓர் எண்ணையும் தருகிறது. நெடுங்காலத்தில் கிடைக்கும் வெகுமதிகளின் கூட்டுத்தொகையைப் பெருக்கும் உத்தியைக் கண்டறிவதே முகவரின் நோக்கம். எந்நிலையில் எச்செயலைச் செய்வது என்னும் விதியே இங்கு உத்தி எனப்படுகிறது. பின்னர் கிடைக்கும் வெகுமதியின் மதிப்பு வழக்கமாகக் கழிவுக் காரணி ஒன்றால் குறைத்துக் கணக்கிடப்படும். காரணி 0.9 எனில், 10 படிகள் கழித்துக் கிடைக்கும் 1 என்னும் வெகுமதி இன்று ஏறத்தாழ 0.35 மட்டுமே பெறும்.

இவ்வமைப்பின் கணித வடிவம் மார்க்கோவ் முடிவெடுப்புச் செயல்முறை எனப்படுகிறது. அடுத்த நிலையும் வெகுமதியும் தற்போதைய நிலையையும் செயலையும் மட்டுமே சார்ந்தவை, அதற்கு முன் நடந்தவற்றைச் சார்ந்தவை அல்ல என்பது இதன் அடிப்படை எடுகோள். இந்த மறதியே கணக்கீட்டை எளிதாக்குகிறது. பல பணிகளை விவரிக்க இயலாமற் செய்வதும் இதுவே.

வெகுமதி எண்ணின் குறைபாடுகள்

நோக்கங்கள் அனைத்தையும் ஒற்றை எண்ணின் கூட்டுத்தொகையாகக் கருதலாம் என்னும் கொள்கை, வெகுமதிக் கருதுகோள் என்ற பெயரில் ரிச்சர்டு சட்டனுடன் தொடர்புபடுத்தப்படுகிறது. நடைமுறையில் அந்த எண்ணை எழுதுவோர் மனிதரே. அவர்கள் எண்ணியது ஒன்றாகவும், எண் கூறுவது வேறொன்றாகவும் அமைந்துவிடுவதுண்டு.

1998-இல் ராண்ட்லோவ், ஆல்சுட்ரோம் ஆகியோர் மிதிவண்டி ஓட்டக் கற்கும் முகவர் ஒன்றை உருவாக்கினர். இலக்கை நோக்கி நகர்ந்தால் வெகுமதி உண்டு. இலக்கிலிருந்து விலகினால் தண்டனை இல்லை. முகவர் தொடங்கிய இடத்தைச் சுற்றியே வட்டமிடக் கற்றுக்கொண்டது. வட்டத்தின் ஒரு பாதியில் வெகுமதி கிடைத்தது, மறு பாதியில் இழப்பு ஏதும் இல்லை. இத்தகைய வட்டங்கள் தோன்றாதவாறு துணை வெகுமதிகளை அமைப்பது எவ்வாறு என்பதை 1999-இல் ஆண்ட்ரூ இங், கரடா, இசுடூவர்ட் ரசல் ஆகியோர் கணித வழியில் காட்டினர்.

இன்னும் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு 2016-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட படகுப் பந்தய விளையாட்டு பற்றியதாகும். கோஸ்ட் ரன்னர்ஸ் என்னும் அவ்விளையாட்டில் பந்தயத்தை முடிப்பதற்குத் தனிப் புள்ளி இல்லை. வழியிலுள்ள இலக்குப் பொருட்களை மோதினாலே புள்ளிகள் கிடைக்கும். முகவர் ஒரு குடாவுக்குள் நுழைந்து, மீண்டும் மீண்டும் தோன்றும் மூன்று பொருட்களைச் சுற்றிச் சுற்றி மோதியது. படகு தீப்பற்றி எரிந்தது, மற்றப் படகுகளில் இடித்தது, பந்தயமோ முடியவே இல்லை. ஆயினும் மனித ஆட்டக்காரர்களைவிடச் சராசரியாக 20 விழுக்காடு கூடுதல் புள்ளிகளை அது பெற்றது. கற்றலில் பிழை இல்லை. கொடுக்கப்பட்ட எண்ணை முகவர் திறம்படவே பெருக்கியது.

எண்ணைக் கவனமாக அமைத்தால் போதும் என்ற விடையும் முழுமையானதன்று. தற்போதைய நிலையை மட்டும் சார்ந்த எந்த வெகுமதியாலும் விவரிக்க இயலாத பணிகள் உள்ளன என்பதை 2021-இல் டேவிட் ஏபல் முதலானோர் மெய்ப்பித்தனர்.

காலஞ்சார் ஏரணம்

கூற்று ஒன்றின் உண்மை காலத்தோடு மாறக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளும் ஏரணமே காலஞ்சார் ஏரணம். "மழை பெய்கிறது" என்பது காலையில் உண்மையாகவும் மாலையில் பொய்யாகவும் இருக்கலாம். நியூசிலாந்து மெய்யியலாளர் ஆர்தர் பிரையர் 1950களில் இதன் நவீன வடிவத்தை உருவாக்கினார். அவருடைய அக்கறை மெய்யியல் சார்ந்தது. விதி, விருப்புரிமை, எதிர்காலம் பற்றிய கூற்றுகளின் உண்மை முதலியவற்றை ஆராயவே அவர் இதனைக் கையாண்டார். 1977-இல் இசுரேலியக் கணினி அறிவியலாளர் அமீர் புனூலி, நிற்காமல் இயங்கும் நிரல்களின் பண்புகளை எழுத இதுவே தக்க மொழி எனக் காட்டினார். இயக்குதளம் போன்ற நிரல் ஒரு விடையைத் தந்து முடிவதில்லை. அதன் சரித்தன்மை காலம் முழுவதும் அது நடந்துகொள்ளும் விதத்தில் உள்ளது. இப்பணிக்காகப் புனூலிக்கு 1996-இல் டூரிங் விருது வழங்கப்பட்டது.

புனூலி வழிவந்த நேர்கோட்டுக் காலஞ்சார் ஏரணம் (சுருக்கமாக எல்.டி.எல்.) காலத்தை ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைகளின் வரிசையாகக் கொள்கிறது. "அல்ல" (¬), "மற்றும்" (∧), "அல்லது" (∨), "எனில்" (→) என்னும் வழக்கமான குறிகளுடன் பின்வரும் காலக் குறிகளும் இதில் உள்ளன. இங்கு அ, ஆ என்பன ஏதேனும் கூற்றுகள்.

○அ : அடுத்த படியில் அ உண்மை.
◇அ : இப்போதோ பின்னரோ என்றேனும் ஒரு படியில் அ உண்மை.
□அ : இப்போதிலிருந்து எல்லாப் படிகளிலும் அ உண்மை.
அ வரை ஆ : ஆ என்றேனும் உண்மையாகும், அதற்கு முந்தைய படி ஒவ்வொன்றிலும் அ உண்மை.

இவற்றைக் கோத்தும் எழுதலாம். □◇அ என்பது "அ முடிவின்றி மீண்டும் மீண்டும் நிகழும்" எனப் பொருள்படும். ◇□அ என்பதோ "ஒரு கட்டத்துக்குப் பின் அ நிலைத்துவிடும்" என்பதைக் குறிக்கும். குறிகளின் இடம் மாறினால் பொருள் எவ்வளவு மாறுகிறது என்பதை இவ்விரண்டும் காட்டும்.

பணியை வாய்பாடாக எழுதுதல்

மருத்துவமனைத் தாழ்வாரம் ஒன்றில் இயங்கும் எந்திர வண்டியை எடுத்துக்கொள்வோம். அது நோயாளர் பகுதியில் குருதி மாதிரியை எடுத்து, ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கழுவி ஈரமாக உள்ள தரையில் செல்லக்கூடாது. "மாதிரி எடுக்கப்பட்டது" என்பதை ம எனவும், "ஆய்வகத்தில் உள்ளது" என்பதை ஆ எனவும், "ஈரத் தரையில் உள்ளது" என்பதை ஈ எனவும் குறித்தால் பணி பின்வருமாறு அமையும்:

◇(ம ∧ ◇ஆ) ∧ □¬ஈ

இதற்கு இணையான வெகுமதியை நிலையை மட்டும் கொண்டு எழுத முடியாது. ஆய்வகத்தை அடைந்த வண்டிக்கு வெகுமதி தருவதா இல்லையா என்பது, அது முன்னரே மாதிரியை எடுத்ததா என்பதைப் பொறுத்தது. தாழ்வாரத்தின் நடுவில் நிற்கும் வண்டிக்கு இடப்புறம் திரும்புவதா வலப்புறம் திரும்புவதா என்பதும் அவ்வாறே. தான் இருக்கும் கட்டத்தை மட்டும் அறிந்த முகவருக்கு இவ்வினாவுக்கு விடையில்லை.

அன்றாட மொழியில் மறைந்து கிடக்கும் ஐயங்களை வாய்பாடு வெளிக்கொணர்ந்துவிடும் என்பது இம்முறையின் பெரும் பயன்களுள் ஒன்று. "மாதிரியை எடுத்த பிறகு ஆய்வகத்துக்குச் செல்" என்ற கட்டளை, அதற்கு முன் ஆய்வகத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறதா? மேலுள்ள வாய்பாடு தடுக்கவில்லை; வண்டி வெறுங்கையுடன் ஆய்வகத்தைக் கடந்து போகலாம். தடுக்க வேண்டுமெனில் (¬ஆ வரை ம) என்பதையும் சேர்க்க வேண்டும். "வரை" என்ற சொல்லிலும் இத்தகைய ஐயம் உண்டு. "மணி அடிக்கும் வரை இங்கேயே நில்" என்று ஒருவர் கூறினால், மணி கட்டாயம் அடிக்கும் என்ற உறுதி அதில் அடங்குமா என்பது பேச்சு வழக்கில் தெளிவில்லை. எல்.டி.எல். மொழியின் "வரை" அவ்வுறுதியை உள்ளடக்கியது. மணி அடிக்காமலே போனாலும் தொடர்ந்து நிற்பதை ஏற்கும் வலுக்குறைந்த "வரை" ஒன்றும் தனியே வரையறுக்கப்பட்டுள்ளது.

வாய்பாட்டிலிருந்து தன்னியங்கிக்கு

முகவருக்கு வாய்பாட்டை அப்படியே கொடுத்துப் பயனில்லை. அதனைக் கற்றல் படிமுறை கையாளக்கூடிய வடிவுக்கு மாற்ற வேண்டும். அவ்வடிவம் முடிவுறு நிலைத் தன்னியங்கி ஆகும். காலஞ்சார் வாய்பாட்டுக்கும் தன்னியங்கிக்கும் உள்ள தொடர்பை மோசே வார்டி, பியேர் வோல்பர் ஆகியோர் 1980களில் நிறுவினர். முடிவற்ற வரிசைகளை வாசிக்கும் தன்னியங்கிகளை அதற்கு முன்பே 1960களின் தொடக்கத்தில் பியூக்கி என்னும் சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் அறிமுகப்படுத்தியிருந்தார்.

மருத்துவமனை வண்டியின் பணிக்கு நான்கு நிலைகள் கொண்ட தன்னியங்கி போதும். (மாதிரி எடுக்கும் இடமும் ஆய்வகமும் வெவ்வேறு கட்டங்கள் எனவும், மாதிரி சேர்ந்தவுடன் ஓட்டம் நிறுத்தப்படும் எனவும் கொள்க.) தொடக்க நிலையில் மாதிரி இன்னும் எடுக்கப்படவில்லை. ம நிகழ்ந்தால் இரண்டாம் நிலைக்கு மாறும். அங்கிருந்து ஆ நிகழ்ந்தால் மூன்றாவதான ஏற்பு நிலையை அடையும். இவ்விரு நிலைகளில் எதிலிருந்தாயினும் ஈ நிகழ்ந்தால் மீளமுடியாத நான்காம் நிலையில் விழும்.

தாழ்வாரத்தில் 25 கட்டங்கள் இருப்பின், கட்டத்தையும் தன்னியங்கி நிலையையும் இணைத்தால் 25 × 4 = 100 இணைநிலைகள் கிடைக்கும். இது பெருக்கற் செயல்முறை எனப்படுகிறது. இந்த 100 நிலைகளில் வெகுமதி மீண்டும் மார்க்கோவ் தன்மையைப் பெற்றுவிடுகிறது. மூன்றாம் நிலைக்குள் நுழையும்போது 1, மற்ற நேரங்களில் 0 என வைத்தால் போதும். முகவரின் மறதிக்குத் தேவையான நினைவைத் தன்னியங்கி வழங்குகிறது. அது வழங்குவது முழு வரலாற்றை அன்று, இப்பணிக்கு வேண்டிய அளவு மட்டுமே. இதுவே இத்துறை முழுவதற்கும் அடிப்படையான கருத்து.

வரலாற்றைச் சார்ந்த வெகுமதிகளைக் காலஞ்சார் ஏரணத்தால் எழுதலாம் என்பதை 1996-இல் பாக்கசு, பூட்டிலியே, குரோவ் ஆகியோர் முன்வைத்தனர். அவர்கள் கையாண்டது இறந்தகாலம் நோக்கிய ஏரணம்: "இதுவரை நடந்தவற்றில் இன்னது நடந்திருந்தால் வெகுமதி" என்ற வகையினது. முடிவுள்ள வரிசைகளுக்கென அமைந்த எல்.டி.எல். வடிவத்தை 2013-இல் டி ஜாகொமோவும் வார்டியும் விரிவாக ஆராய்ந்தனர். எந்திரன்கள் செய்யும் பணிகளுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு கட்டத்தில் முடிபவை என்பதால், நடைமுறையில் இவ்வடிவமே மிகுதியும் கையாள எளியது.

வெகுமதிப் பொறிகள்

2018-இல் தொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரோ இக்கார்த்தே, கிளாசன், வாலன்சானோ, சீலா மெக்கில்ரைத் ஆகியோர் வெகுமதிப் பொறி என்னும் அமைப்பை அறிமுகப்படுத்தினர். இதுவும் ஒரு முடிவுறு நிலைப் பொறியே. நிலைமாற்றம் ஒவ்வொன்றும் தனக்குரிய வெகுமதியை வெளியிடும். பணியின் உள்ளமைப்பை முகவருக்கே வெளிப்படையாகக் காட்டிவிடுவது இதன் சிறப்பு.

இதனால் விளையும் நன்மை கணிசமானது. வண்டி மாதிரி எடுப்பதற்கு முன் தற்செயலாக ஆய்வகத்தை அடைந்தது எனக் கொள்வோம். வழக்கமான முறையில் இவ்வனுபவத்தால் பயனில்லை, ஏனெனில் வெகுமதி கிடைக்கவில்லை. பொறியை அறிந்த முகவரோ, "அப்போது நான் இரண்டாம் நிலையில் இருந்திருந்தால் இதே நகர்வு பணியை முடித்திருக்கும்" என்று கணக்கிட்டுக்கொள்ள முடியும். ஒரே அனுபவம் பொறியின் எல்லா நிலைகளுக்கும் பாடமாகிறது. உண்மையான எந்திரனில் ஒவ்வொரு முயற்சியும் நேரத்தையும் தேய்மானத்தையும் உண்டாக்குவதால், முயற்சிகளின் எண்ணிக்கை குறைவது சிறு செய்தியன்று.

வாய்பாட்டை முன்னதாகவே தன்னியங்கியாக மாற்றாமல், படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே செல்லும் முறையும் உண்டு. ◇(ம ∧ ◇ஆ) என்னும் வாய்பாட்டில் ம நிகழ்ந்தவுடன் எஞ்சுவது ◇ஆ மட்டுமே. எஞ்சிய வாய்பாடே முகவருக்கு உள்ளீடாகத் தரப்படும். 2021-இல் வெளியான ஆய்வொன்றில், இம்முறையுடன் நரம்பணுப் பிணையங்களை இணைத்து, பயிற்சியின்போது காணாத புதிய வாய்பாடுகளையும் பின்பற்றும் முகவர் உருவாக்கப்பட்டது.

முடிவற்ற பணிகள்

"மின்கலத்தை மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள், இரு வாயில்களையும் மாறி மாறிக் காவல் செய்" என்பன போன்ற பணிகளுக்கு முடிவு கிடையாது. இங்கு ஏற்பு நிலையை ஒருமுறை அடைவது போதாது. அதனை முடிவின்றி மீண்டும் மீண்டும் அடைய வேண்டும். கழிவுக் காரணியுடன் கூடிய வெகுமதியோ அண்மைக்காலத்தையே பெரிதாகக் கருதும். இவ்விரண்டையும் பொருத்துவது எளிதாக அமையவில்லை.

2014-இல் சாடிக் முதலானோர், ராபின் வகைத் தன்னியங்கியைக் கொண்டு வெகுமதி அமைக்கும் முறையை முன்வைத்தனர். அம்முறை எல்லாச் சூழல்களிலும் சிறந்த உத்தியைத் தராது என்பதை 2019-இல் கான் முதலானோர் எதிர்க்காட்டுடன் விளக்கினர். அதற்கு மாற்றாக அவர்கள் பயன்படுத்தியது, வரம்புடை உறுதி பியூக்கி தன்னியங்கி என்பதாகும். உறுதி வகைப் பியூக்கி தன்னியங்கிகளால் ◇□அ போன்ற வாய்பாடுகளைக் குறிக்க முடியாது; உறுதியற்ற வகையால் முடியும், ஆனால் அது அடுத்து எங்கு செல்லும் என்பது ஊகத்துக்கு விடப்படுகிறது. வரம்புடை உறுதி வகையில் ஊகம் தொடக்கப் பகுதியோடு நின்றுவிடுகிறது. "இனி அ நிலைத்துவிட்டது" என ஊகிக்கும் பொறுப்பு முகவருக்கே ஒரு கூடுதல் செயலாகக் கொடுக்கப்படும்.

வெகுமதியும் வேறு விதமாக அமைகிறது. ஏற்பு நிலைமாற்றம் நிகழும் ஒவ்வொரு முறையும், மிகச் சிறிய நிகழ்தகவுடன் ஓட்டம் வெற்றியாக முடிந்து வெகுமதி 1 கிடைப்பதாக வைக்கப்படும். ஏற்பு நிலையை முடிவின்றித் தொடும் உத்திக்கு இந்தச் சீட்டு என்றேனும் விழுந்தே தீரும். சில முறை மட்டும் தொடும் உத்திக்கு அநேகமாக விழாது. அச்சிறிய நிகழ்தகவைச் சுழியை நோக்கிக் குறைக்கும்போது, வெகுமதியைப் பெருக்கும் உத்தியும் வாய்பாட்டை நிறைவேற்றும் நிகழ்தகவைப் பெருக்கும் உத்தியும் ஒன்றாகின்றன.

கவசம்

கற்றல் என்பது பிழை செய்து திருந்துவதாகும். ஆனால் சில பிழைகளை ஒருமுறை கூடச் செய்யக்கூடாது. இதற்கென 2018-இல் அல்சீக் முதலானோர் கவசம் என்னும் முறையை முன்வைத்தனர். சூழலின் தோராயமான மாதிரியமைப்பு ஒன்றிலிருந்தும் பாதுகாப்பு வாய்பாட்டிலிருந்தும் கவசம் முன்னரே கணிக்கப்படுகிறது. முகவர் தெரிவு செய்யும் செயல் வாய்பாட்டை மீற வழிவகுக்கும் எனில், கவசம் அதனைத் தடுத்து வேறொரு செயலைத் தரும். மற்ற நேரங்களில் தலையிடாது. கற்றுத் தேர்ந்த பின் மட்டுமன்றி, கற்கும் காலத்திலும் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதே இதன் பொருள். மாதிரியமைப்பு உண்மைச் சூழலைப் பொருத்தவரை பிழையற்றதாக இருக்கும் அளவுக்கே இவ்வுறுதியும் செல்லும்.

அளவு சார்ந்த ஏரணங்கள்

எல்.டி.எல். வாய்பாடு நிறைவேறியது, நிறைவேறவில்லை என இரண்டே விடைகளைத் தரும். கற்கத் தொடங்கும் முகவருக்கு இது கடினமானது. தான் இலக்குக்கு அருகில் வந்ததா என்பது கூட அதற்குத் தெரியாது. 2004-இல் ஓதெத் மாலரும் தேயன் நிச்கோவிச்சும் அறிமுகப்படுத்திய குறிகை சார்ந்த காலஞ்சார் ஏரணம், கால எல்லைகளையும் எண் ஒப்பீடுகளையும் வாய்பாட்டில் எழுத இடமளிக்கிறது. வாய்பாடு எவ்வளவு இடைவெளியுடன் நிறைவேறியது என்பதைக் குறிக்கும் உறுதிப்பாட்டு அளவும் பின்னர் இதற்கு வரையறுக்கப்பட்டது. "வெப்பநிலை எப்போதும் 40 பாகைக்குக் கீழ் இருக்க வேண்டும்" என்ற வாய்பாட்டுக்கு, பதிவுகள் 35, 38, 37 எனில், இடைவெளிகள் 5, 2, 3; அவற்றுள் சிறியதான 2 என்பதே அளவு. "என்றேனும்" என்ற குறிக்குச் சிறியதற்கு மாற்றாகப் பெரியது எடுக்கப்படும். இந்த அளவையே வெகுமதியாகப் பயன்படுத்தும் முறைகள் 2016 முதல் வெளிவந்துள்ளன. வரிசையிலுள்ள ஒரே ஒரு மோசமான நொடி முழு மதிப்பையும் தீர்மானித்துவிடுவதால், மற்ற நொடிகளில் ஏற்படும் முன்னேற்றம் முகவருக்குத் தென்படாமல் போவது இதன் குறை.

வரம்புகளும் திறனாய்வும்

வாய்பாட்டின் நீளம் கூடக் கூடத் தன்னியங்கியின் நிலைகள் மிக விரைவாகப் பெருகுகின்றன. உறுதி வகைத் தன்னியங்கிக்கு மாற்றும்போது இப்பெருக்கம் மிக மோசமான நிலையில் இரட்டை அடுக்குக்குறி அளவினது. எனினும் நடைமுறைப் பணிகளின் வாய்பாடுகள் சிறியவை என்பதால், இது அச்சுறுத்தும் அளவுக்குத் தடையாக இருப்பதில்லை.

ஆழமான தடை வேறிடத்தில் உள்ளது. □¬ஈ என்னும் வாய்பாட்டை நோக்குக. ஒரு செயல் ஒவ்வொரு படியிலும் 10 இலட்சத்தில் 1 என்ற நிகழ்தகவுடன் ஈரத் தரைக்கு இட்டுச் செல்லும் எனில், 1000 முறை முயன்றும் தவறு ஒன்றும் தென்படாதிருக்க 99.9 விழுக்காடு வாய்ப்புண்டு. ஆனால் ஒரு கோடி படிகளுக்குப் பின் தவறாமல் எஞ்சும் வாய்ப்பு ஏறத்தாழ 0.005 விழுக்காடு, முடிவற்ற காலத்தில் அது சுழி. நிகழ்தகவு உண்மையிலேயே சுழியாக இருந்தால் வாய்பாடு நிச்சயமாக நிறைவேறும். இவ்விரு சூழல்களையும் பிரித்தறிய எத்தனை முயற்சிகள் போதும் என்பதை முன்கூட்டிக் கூற முடியாது. முடிவற்ற கால வாய்பாடுகளுள் பெரும்பாலானவற்றுக்கு, முடிவுள்ள எண்ணிக்கையிலான முயற்சிகளைக் கொண்டு ஏறத்தாழச் சரியான உத்தியைக் கற்பதற்கு உறுதி தர இயலாது என்பதை 2022-இல் யாங், லிட்மன், கார்பின் ஆகியோர் மெய்ப்பித்தனர். அதே காலத்தில் ராசீவ் அலுர் முதலானோரும் இதையொத்த முடிவுகளை வெளியிட்டனர். முடிவுள்ள காலத்துக்குள் நிறைவேறுவதையோ மீறப்படுவதையோ உறுதிசெய்யக்கூடிய வாய்பாடுகளுக்கு இத்தடை இல்லை. கால எல்லை வைத்தல், கழிவுக் காரணியை ஏரணத்துக்குள்ளேயே புகுத்துதல் ஆகிய வழிகள் இதனாலேயே நாடப்படுகின்றன. 2017-இல் லிட்மன் முதலானோர் முன்வைத்த வடிவியல் எல்.டி.எல். பின்னதன் எடுத்துக்காட்டாகும்.

ஏரணம் படகுப் பந்தயத்தில் நேர்ந்தது போன்ற பிழைகளை முற்றாக ஒழித்துவிடும் எனச் சில அறிமுக நூல்கள் தரும் தோற்றம் சரியன்று. □(அழைப்பு → ◇வருகை) என்பது "அழைக்கும்போதெல்லாம் என்றேனும் வர வேண்டும்" என்று கூறுகிறது. அழைப்பே எழாவிட்டால் இவ்வாய்பாடு தானாகவே நிறைவேறிவிடும். அழைப்பு மணி எட்டாத மூலையில் போய் நிற்கும் வண்டி கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியதாகவே கணக்கிடப்படும். "என்றேனும்" என்பதற்குக் கெடு இல்லாததால், மூன்று நாள் கழித்து வருவதும் குற்றமாகாது. "இயன்றவரை விரைவாக", "இயன்றவரை மிகுதியாக" என்பவற்றைக் கூறவும் எல்.டி.எல். மொழியில் நேரடி வழியில்லை. அவை இலக்குகள் அல்ல, விருப்பளவுகள். அவற்றுக்கு எண் வெகுமதியே பொருந்தும். ஆகவே கட்டாயமானவற்றை வாய்பாடாகவும், விரும்பத்தக்கவற்றை எண்ணாகவும் தரும் கலப்பு முறைகள் கையாளப்படுகின்றன.

வாய்பாட்டை எழுதுவோரும் தவறக்கூடும். எல்.டி.எல். வாய்பாடுகளைப் பயின்றோரே அவற்றை எவ்வாறு தவறாகப் புரிந்துகொள்கின்றனர் என்பதை 2022-இல் கிரீன்மன் முதலானோர் ஆராய்ந்து வெளியிட்டனர். வாய்பாட்டை மனிதர் எழுதாமல், எடுத்துக்காட்டுச் செயல்களிலிருந்து ஊகித்தறிவதும், பெருமொழி மாதிரிகளைக் கொண்டு பேச்சு வழக்குக் கட்டளைகளை வாய்பாடாகப் பெயர்ப்பதும் 2020களில் முயலப்பட்டு வருகின்றன. முன்னர்க் குறிப்பிட்ட "பிறகு", "வரை" போன்ற சொற்களின் ஐயங்கள் அப்பெயர்ப்பிலும் தொடர்கின்றன. பெயர்த்த வாய்பாட்டைக் கட்டளையிட்டவரே சரிபார்க்க வேண்டியுள்ளது.

இவை அனைத்துக்கும் அடியில், ம, ஆ, ஈ என்னும் கூற்றுகள் உண்மையா பொய்யா என்பதை யார் சொல்வது என்ற வினா உள்ளது. கோட்பாட்டில் பெயரிடு சார்பு ஒன்று ஒவ்வொரு நிலைக்கும் அங்கு உண்மையான கூற்றுகளைத் தந்துவிடும் எனக் கொள்ளப்படுகிறது. உண்மையான தாழ்வாரத்தில் அச்சார்பு ஓர் ஒளிப்படக் கருவியும் அதன் பின்னுள்ள வகைப்படுத்தியும் ஆகும். பளபளக்கும் உலர்ந்த தரையை அது ஈரம் எனக் கருதலாம். ஈரத்தைக் காணாமலும் விடலாம். தவறாக ஒருமுறை ஈ எனப் பதிவானால் தன்னியங்கி மீளமுடியாத நிலைக்குச் சென்றுவிடும். வண்டி தவறு செய்யாமலே பணி தோற்றதாகிவிடும். கூற்றுகளின் உண்மையை நிகழ்தகவாகக் கொண்டு, தன்னியங்கி எந்நிலையில் இருக்கக்கூடும் என்பதையும் நிகழ்தகவாகவே கண்காணிக்கும் முறைகள் இதற்கென உருவாக்கப்பட்டு வருகின்றன.